பாட்டுத்தாளுக்கு ஒரு படம்

— சிவெர்ட், ஹால்வர் முட்டை உரிச்சுக்கிட்டு இருந்தான். உப்பைக் குடு யோருன், அப்படின்னான். குடுத்தேன். சாப்பிட்டு முடிச்சு, படகுக்குக் கயிறு மாத்தணும்னு இறங்கிப் போனான். துறைப் பலகை மேல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவன்தான், எழுந்திருக்கவே இல்ல.

— தெரியும். நான்தானே முதல்ல ஓடினேன். நீ காபியக் குடி.

— காபி குடிக்க வரல. படத்தைக் காட்டு.

— ஃபிலிம் இப்பதான் தொங்குது. காயட்டுமே.

— நேத்தும் அதான் சொன்ன. வெள்ளிக்கிழமை அடக்கம். சர்ச்சுல குடுக்கிற பாட்டுத்தாள் முகப்புல போட ஒரு முகம் வேணும்னு பாதிரியம்மா மறுபடியும் போன் பண்ணிட்டாங்க. வீடு பூரா அவன் எடுத்த படம், ஒண்ணுலகூட ஹால்வர் இல்ல. நான் இருக்கேன், ஆடு இருக்கு, உன் மூக்கு இருக்கு.

— என் மூக்கு நல்லா வந்திருக்குமே.

— அவன் இருக்கிறது ஓட்டுநர் உரிமத்துல மட்டும். அதுல ஆடு திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறான். அதைப் போட்டா அவனே எழுந்து வந்து சண்டை பிடிப்பான்.

— நம்ம புகைப்படச் சங்கத்துல எடுத்தது ஒண்ணு இருக்கு. கடைசி வரிசையில நிக்கிறான்.

— பாதி முகம். அது வேண்டாம். அன்னைக்குக் காலையில, சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி, கேமராவை அவன் கையிலேருந்து பிடுங்கி நானே எடுத்தேன்னு சொன்னேன்ல? கல்யாணமான நாள்லேருந்து அதான் முதல் தடவை. என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். எனக்கு அது வேணும்.

— யோருன்...

— மங்கலா இருக்கா? இருந்துட்டுப் போகட்டும். மழுப்பாத, சிவெர்ட். பள்ளிக்கூடத்துலேருந்து உன் மூஞ்சியப் பாக்கறேன்.

— இந்தா. வெளிச்சத்துக்கு நேரா பிடி.

— என்ன இது, கண்ணாடி மாதிரி? நுனியில மட்டும் கறுப்பா இருக்கு.

— ஃபிலிமோட நாக்கு உள்ள சுருள்ல மாட்டல. வழுக்கி வெளிய வந்திருக்கு. வெளியில திருகுறோம், உள்ள ஒண்ணும் நகரல. அதாவது, இந்த வசந்தத்துல எடுத்தது அத்தனையும் இந்த ஒரே கட்டத்துல விழுந்திருக்கு. ஒண்ணு மேல ஒண்ணா.

— அப்ப அவன் முகமும் இந்தக் கறுப்புக்குள்ளதானே இருக்கு? பிரிச்சு எடு.

— முடியாது. மாட்டும்போது கேமரா திறந்திருக்கும்ல, அப்பவே இந்த இடத்துல வெளிச்சம் பட்டாச்சு. மொத்தமும் கருகிப்போச்சு. நான் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன்.

— கழுவும்போது நீ ஏதாச்சும்...

— நான் கெடுத்திருந்தா உன்கிட்ட உதை வாங்கியிருப்பேன். அது இதைவிட லேசு.

— ஒரே ஒரு படம்தானே கேட்டேன்.

— உக்காரு, யோருன். எனக்கும்தான் மனசு ஆறல. ஃபிலிம் மாட்டி மாட்டித் தேஞ்ச கை ஹால்வரோடது. ஓடலன்னா திருகும்போதே கட்டைவிரலுக்குத் தெரிஞ்சிரும், இழுவையே இருக்காது. கேமராவோட இந்தப் பக்கக் குமிழும் சுத்தாது. சங்கத்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு அவன் முதல்ல சொல்றதே அதைத்தான்.

— அப்ப தெரிஞ்சேவா எடுத்துக்கிட்டிருந்தான்? படமே விழாதுன்னு தெரிஞ்சு?

— தெரிஞ்சேதான்னு நினைக்கிறேன்.

— பைத்தியமா அவனுக்கு?

— நானும் ஒரு தடவை அதைக் கேட்டேன். எதுக்குடா உனக்கு இந்தக் கேமராப் பைத்தியம்னு. சும்மா பாத்தா, என்ன பாக்கறன்னு யோருன் கேக்கறா. கேமராவைக் கண்ணுல வச்சுக்கிட்டா கேக்கறதில்ல, அப்படின்னான்.

— கேட்டா கேக்கட்டும்னு பாத்திருக்க வேண்டியதுதானே? நான் கேக்கறதெல்லாம் ஒரு கேள்வியா, சிவெர்ட்?

— அழு. பரவாயில்ல.

— அழறதுக்கு வரல. அன்னைக்கு நான் பட்டனை அமுக்கினதும் எழுந்து வந்து கேமராவை வாங்கிக்கிட்டான். ரொம்ப சந்தோஷமா இருந்தான். நாளைக்குப் புது ஃபிலிம் போட்டுத் தரேன், இதே வெளிச்சத்துல இன்னொரு தடவை எடு, நாற்காலிய மட்டும் நகத்திடாதன்னான். எனக்கு எடுக்கத் தெரியலன்னு கிண்டல் பண்றான்னு நினைச்சேன்.

— நாற்காலியா?

— ஜன்னலைப் பாத்தபடியேதான் கிடக்கு. நான் இன்னும் நகத்தல.