காய்ந்த பிரஷ்

காலை ஒன்பது மணிக்குள் போய்விட்டால் பல் துலக்கும் பிரஷ் இன்னும் ஈரமாக இருக்கும். என் வேலையில் நான் முதலில் கற்றது இதுதான்.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் நீரிழிவுக்காரர்களுக்கு இன்சுலின், ஊசி, சோதனைப் பட்டை எல்லாமே அரசு இலவசமாகத் தருகிறது. அந்தப் பக்கம் வேறு மாகாணம். அங்கே இலவசம் மாத்திரை மட்டும்தான். அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் இங்குள்ள உறவினர் வீட்டு முகவரியில் பதிந்துகொள்வார்கள். அவர்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிலிருந்து நீக்குவது என் பணி. கட்டிலையும் துணிமணியையும் நான் பார்ப்பதில்லை. அவற்றை யாரும் கொண்டுவந்து பரப்பிவிடலாம். நேரே குளியலறைக்குப் போய்ப் பிரஷின் முனையைக் கட்டைவிரலால் தடவுவேன். அடுத்தவர் வாய்க்குள் போனதைத் தொடுவது அருவருப்புதான். பொய்யைத் தொடுவது அதைவிட அருவருப்பு.

என் தங்கை சித்தப்பா வீட்டு முகவரியில் பதிந்திருந்தாள். தினம் நான்கு முறை இன்சுலின் போட்டால்தான் அவள் உடம்பு ஓடும். சென்ற ஆண்டு ஒரு புது உத்தரவு வந்தது: ஒரே வீட்டில் இரண்டு பேர் மருந்து வாங்கினால், வெளியூர் அதிகாரி வந்து சோதிப்பார். சித்தப்பா வீட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. நான் முந்திக்கொண்டேன்.

மருந்து வாங்க வந்திருந்த தங்கை, என்னை வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"வாங்க ஆபீசர் சார். என் பல்லையும் எண்ணப் போறீங்களா?"

குளியலறை டம்ளரில் ஒரு ரோஸ் பிரஷும் ஒரு நீலப் பிரஷும் இருந்தன. அவளுடைய ரோஸ் பிரஷைத் தடவினேன். சுள்ளிபோல் காய்ந்திருந்தது. 'இங்கு வசிக்கவில்லை' என்று எழுதினேன். அவள் சிரிப்பு நின்றது.

"அண்ணா, விளையாடாதே. கையில பத்து நாளைக்குத்தான் இருக்கு."

"தங்கச்சிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"

சித்தப்பா குறுக்கே வந்தார். "டேய், அந்த டம்ளர்ல ரெண்டு பிரஷும்தானே காஞ்சு கிடக்கு?"

வயதானவர்கள் இப்படித்தான் எதையாவது பேசுவார்கள். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் மருந்தை அவள் இருபத்திரண்டு நாள் இழுத்தாள். ஒரே ஊசியை வாரம் முழுக்கக் குத்தியதில் வயிற்றில் சீழ் வைத்தது. கடைசியில் என் வீட்டுக்கு வந்தாள். மூன்று வாசல் தள்ளித்தான் அவள் வீடு. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தாள்.

"உன் ஃப்ரிட்ஜ்ல இருக்குமேண்ணா. ஒண்ணே ஒண்ணு குடு."

இருந்தது, இரண்டு மாதத்துக்கு. ஆனால் தன் பெயரில் வாங்கிய அரசு மருந்தைப் பிறருக்குக் கொடுப்பது குற்றம். விதியைப் படித்தே காட்டினேன். அவள் மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வந்தது. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது. நான்காம் நாள் இறந்துவிட்டாள்.

அவளை நீக்கியது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. வெளியூர் அதிகாரி வரவேயில்லை. அந்த வீட்டில் இப்போது ஒரு பெயர்தான் இருக்கிறது. தினமும் காலையில் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் சித்தப்பா வீட்டில் நின்று, நீலப் பிரஷைக் குழாயடியில் நனைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். சித்தப்பா என்னோடு பேசுவதில்லை.

பொய் முகவரிக்காரர்களைக் கண்டால் எனக்கு இன்றும் குமட்டுகிறது.