மொக்கையனுக்கு உயிர் கொடுத்தது நான்

ஏலக்காய்க்கு நிறம்தான் முக்கியம் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சிஞ்சு மேடம். வண்டன்மேட்டு ஸ்டேஷனுக்கு நீங்கள் புதிது என்றார்கள், அதனால் சொல்கிறேன். மணம் யார் காயிலும் வரும். ஏலத்தில் சாம்பிளைக் கையில் அள்ளுகிற வியாபாரி முதலில் பார்ப்பது பச்சையைத்தான். என் காய் பச்சைப் பசேலென்று இருக்கும். இந்த ஊரில் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை, காயைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

மற்றபடி எனக்கு ஊர் வைத்த பேர் 'சயின்டிஸ்ட்'. இங்கேகூட ஒரு போலீஸ்காரர் அப்படித்தான் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கோபமில்லை. மதுரையில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் குடுவை கழுவிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். மோகனசுந்தரம் என்று முழுப்பேர் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. 'ஏ லேபு' என்பார்கள். அப்படிப் பார்த்தால் சயின்டிஸ்ட் என்பது பதவி உயர்வு. அப்பா விட்டுப்போன இந்த ஏலத்தோட்டத்துக்கு வந்த பிறகு, அந்தப் பதவியைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. சமையலறையில் தவளைகளை வைத்து ஆராய்ச்சி தொடங்கியதும் மனைவி போடிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஃபோனில் நலம் விசாரிப்பாள். தவளைகளின் நலத்தைத்தான் முதலில் கேட்பாள்.

கல்லூரியில் ஒருமுறை பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார்கள். பிணத்துக்கு உயிர் கொடுக்கிற ஒரு விஞ்ஞானியின் கதை. எல்லாரும் எழுந்து வந்த பிணத்தைப் பார்த்துப் பயந்தார்கள். நான் அந்த விஞ்ஞானியைப் பார்த்து நொந்துபோனேன். அத்தனை பாடுபட்டு ஒருவனை எழுப்பிவிட்டு, அவன் கண்ணைத் திறந்ததும் கைவிட்டுவிடுகிறான். பொறுப்பில்லாத மனுஷன். அந்த வேலை என் கையில் கிடைத்திருந்தால் எழுந்தவனுக்கு ஒரு சுக்குக்காப்பியாவது போட்டுக் கொடுத்திருப்பேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

மொக்கையன் என் தோட்டத்துக் கங்காணி. ஸ்டோர் வேலையும் அவன்தான். ஸ்டோர் என்றால் காய் உலர்த்துகிற அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும், விசிறி அந்தச் சூட்டைக் குழாய் வழியாக உள்ளே தள்ளும், கம்பிவலை அடுக்குகளில் காய் காயும். கதவைச் சாத்திவிட்டால் உலர்ந்து முடியும்வரை திறக்கக் கூடாது. மலைக்காற்று பட்டால் நிறம் வெளுத்துவிடும் என்பான் மொக்கையன். ஒருமுறை நான் எட்டிப் பார்க்கப் போனபோது, முதலாளி என்றும் பார்க்காமல் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது. வேலையில் அவ்வளவு சுத்தம்.

போன ஆடியில் அவன் மனைவி பழனாத்தாளின் ஆட்டுக்குட்டி என் படுதாக்குளத்தில் விழுந்தது. குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து மழைத் தண்ணீரைத் தேக்கியிருப்போமே, அதுதான். தார்ப்பாயில் பாசி பிடித்துவிட்டால் விழுந்தது எதுவும் தானாக ஏற முடியாது. அதற்காகவே ஓரத்தில் ஒரு கயிறு தொங்கும். குட்டியை எடுத்தபோது விறைத்திருந்தது, மூச்சில்லை. குளிர்ந்த தண்ணீரில் செத்ததை மெல்லச் சூடேற்றினால் திரும்பும் என்று எங்கோ படித்திருந்தேன். ஸ்டோரில் அப்போதுதான் காய் எடுத்திருந்தார்கள், மிச்சச் சூடு இருந்தது. உள்ளே கிடத்தினேன். சாயங்காலம் அது எழுந்து என் சட்டையைத் தின்றது.

பழனாத்தாள் அழுதுகொண்டே என் காலில் விழுந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் பெரிய மனுஷனாக நின்றேன், மேடம். மறுநாள் காலை டீக்கடை வரைதான் அது நீடித்தது. "குட்டி மயங்கித்தான் கெடந்துச்சு. அது எந்திரிக்கிற நேரமாப் பாத்து அய்யா பக்கத்துல நின்னாரு" என்றான் மொக்கையன். கடையே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஆட்டுக்குட்டியால் சாட்சி சொல்ல முடியாது. அதுதான் அந்த ஆராய்ச்சியில் குறை. செத்தேன், பிழைத்தேன் என்று சொல்ல வாயுள்ள ஆள் வேண்டும், அதுவும் ஊர் நம்புகிற ஆள். மொக்கையன் சொன்னால் வண்டன்மேடே நம்பும். பகை எதுவும் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அவன்மேல் இருந்த மதிப்பால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

அன்று மற்ற ஆட்கள் மேல்காட்டில் இருந்தார்கள். மொக்கையன் அடுக்குகளில் காயைப் பரப்பி முடித்திருந்தான். குளத்தில் மோட்டார் குழாயை இலை அடைத்திருக்கிறது, பார் என்று அனுப்பினேன். நான் தள்ளவில்லை. வழுக்கியது பாசி. கயிறு மட்டும் அங்கே இல்லை. அதைக் காலையிலேயே அவிழ்த்து என் தோளில் போட்டிருந்தேன். "அய்யா, கயிறு" என்றான். எப்போதும்போல மரியாதையாகத்தான் கேட்டான். நான் கரையில் நின்று பொறுத்திருந்தேன். உயிரோடு இருப்பவனுக்கு உயிர் கொடுக்க முடியாதே.

அப்புறம் எல்லாம் உழைப்பு. அவனைக் கயிறு கட்டி இழுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, ஸ்டோர் தரையில் கம்பளி விரித்துக் கிடத்தினேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. அடுக்குகளில் காய் இருந்தது. ஓர் ஆளுக்காக மட்டும் அடுப்பு மூட்டினால் விறகு வீண் என்று அவனே சொல்லியிருப்பான். காய்க்கும் சேர்த்தே மூட்டினேன். கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாள் போட்டேன். பழக்கதோஷம்.

மத்தியானம் பழனாத்தாள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். அவனைக் கட்டப்பனைக்கு உரம் எடுக்க அனுப்பியிருக்கிறேன் என்றேன். ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது.

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது மேடம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உள்ள யாரோ தட்டுறாப்ல இருக்கேய்யா" என்றாள்.

"கம்பிவலை சூட்டுல விரியுது" என்றேன்.

தலையாட்டினாள். ஏலக்காட்டில் வளர்ந்தவள். அடுப்பு எரியும்போது உள்ளே ஆள் இருக்க மாட்டார்கள் என்று தெரியும், பாதியில் திறக்கச் சொல்லக் கூடாது என்றும் தெரியும். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். சோறு ஆறுவதற்குள் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று வாளியை வைத்துவிட்டுப் போனாள்.

நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். "அய்யா, நான்தான். தெறங்க" என்று குரல் வந்தது. தெளிவான குரல், நல்ல மூச்சு. ஆனால் காய் அப்போதுதான் வேர்த்து அடங்கியிருந்தது. அந்த நேரத்தில் திறக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். தவிர, பிழைத்துவிட்டான், இனி என்ன அவசரம். கொஞ்சம் பொறு மொக்கையா, காய் ஆகட்டும் என்றேன். அவன் என்னவோ சொன்னான், விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை. சுக்குக்காப்பி போடப் போய்விட்டேன்.

மறுநாள் காலை திறந்தபோது காய் அத்தனை பச்சை. என் ஸ்டோரில் அப்படி ஒரு நிறம் வந்ததே இல்லை. மொக்கையன் கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், விரல்களில் தோல் இல்லை. காப்பியைச் சுடவைத்து எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்தேன். ஒரே ஆளை இரண்டாவது முறை எழுப்ப எனக்குத் தெரியவில்லை. அந்த விஷயத்தில் நான் இன்னும் லேபுதான்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். கயிறு, தாழ்ப்பாள், அடுப்பு எல்லாம் சரி, எல்லாம் நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. பழனாத்தாள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். செத்துப்போன மொக்கையன் எழுந்து கதவைத் தட்டியதை அவளும் கேட்டாள். எனக்கு அந்த ஒரு சாட்சி போதும்.