தானியக் கிடங்கின் வெள்ளைச் சுவர்

வெர்லின்: அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல டாக்டரம்மா. இந்தப் பக்கம் பாருங்க. மிசிசிப்பி ஆறு இந்தப் பக்கம்.

கரிஸா: இல்ல, அந்தத் தானியக் கிடங்கு...

வெர்லின்: சோளம் கொட்டி வைக்கிற இடம். கிட்டப் போனா தும்மல்தான் வரும். பெல்ட்டப் போடுங்க, மேடு ஏறப்போறோம். என் வண்டி இருமிக்கிட்டேதான் ஏறும்.

கரிஸா: மேயர் சொன்னார். "வெர்லின் ஊரச் சுத்திக் காட்டுவான். அவன் சொல்றதுல பாதி பொய்"ன்னு.

வெர்லின்: பாதிதானா? அந்த ஆளுக்கு என்மேல பொறாமை.

கரிஸா: இது மட்டும் உண்மையச் சொல்லுங்க. ஊர்ல நிஜமாவே ரெண்டு வருஷமா டாக்டர் இல்லியா?

வெர்லின்: இல்ல. காய்ச்சலோ, நெஞ்சு வலியோ, நாப்பது மைல் போகணும். போன மாசம் ஒரு பொண்ணுக்குப் பாலத்து நடுவுலயே பிரசவம் ஆயிடுச்சு. இக்கரை அயோவா, அக்கரை இல்லினாய்; குழந்தை எந்த மாநிலம்னு இன்னும் சண்டை நடக்குது.

கரிஸா: சிரிக்கிற விஷயமா இது!

வெர்லின்: சிரிக்காம என்ன பண்றது? அதான் உங்களக் கூட்டிட்டு வந்திருக்கோம். நீங்க சரின்னு சொல்லணும்னு ஊரே காத்துட்டிருக்கு. சொல்லுவீங்கல்ல?

கரிஸா: யோசிக்கணும்.

வெர்லின்: யோசிங்க, யோசிங்க. இறங்கி யோசிங்க. மெதுவா... ஓரத்துக்குப் போகாதீங்க.

கரிஸா: இவ்வளவு பெருசா... அக்கரை எங்க இருக்கு?

வெர்லின்: புகை மாதிரி மரம் தெரியுதே, அதுதான். நடுவுல இருக்கறதெல்லாம் தீவு.

கரிஸா: தீவு ஓரத்துல வெள்ளையா... ஐஸா? அக்டோபர்லயா?

வெர்லின்: நல்லா உத்துப் பாருங்க.

கரிஸா: நகருதே!

வெர்லின்: கூழைக்கடா. வடக்கேருந்து தெக்கே போற வழியில இங்க இறங்கும். இந்த வருஷம் மூவாயிரம் இருக்கும். சரி, ரெண்டாயிரம்.

கரிஸா: எழும்புது... எல்லாம் ஒண்ணா... ஐயோ வெர்லின், தலைக்கு மேலயே வருது!

வெர்லின்: ஷ்ஷ்... இதுங்க கத்தாது. ரெக்கை சத்தம் மட்டும்தான். கேளுங்க.

கரிஸா: கேக்குது... உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

வெர்லின்: எனக்கும்தான். அறுபத்தேழு வயசாச்சு, இன்னும் பழக மாட்டேங்குது. வாங்க, அணைக்குப் போவோம்.

கரிஸா: போற வழியில அந்தக் கிடங்குல ஒரு நிமிஷம்...

வெர்லின்: வழி அது இல்லியே.

கரிஸா: அதுதான் வழி. இப்பதானே அந்த வழியா வந்தோம்.

வெர்லின்: ரோட்டுல வேலை நடக்குது டாக்டரம்மா. காலையில ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் வரைக்கும் நடக்கும்.

கரிஸா: இது எந்தப் பாதி?

வெர்லின்: அது கிடக்கட்டும். அணை வந்துடுச்சு, இதப் பாருங்க. படகுகள ஏத்தி இறக்கற தண்ணித் தொட்டி, முப்பத்தொரு வருஷம் நான் கதவு திறந்து மூடின இடம். அங்க வருது பாருங்க, ஒண்ணோட ஒண்ணு கட்டின சரக்குப் படகுங்க. எண்ணுங்க.

கரிஸா: பதினொண்ணு, பன்னெண்டு... பதினஞ்சு! இத்தனையையும் ஒரே இயந்திரப் படகா தள்ளுது?

வெர்லின்: ஒண்ணே ஒண்ணு. ஆனா தொட்டிக்குள்ள மொத்தமும் அடங்காது. பாதியக் கழட்டி முதல்ல இறக்கணும், அப்புறம் மீதி. ரெண்டயும் திரும்பக் கட்டி அனுப்பணும். அவசரப்படறவன் ஆத்துல பொழைக்க முடியாது.

கரிஸா: கதவு மூடிடுச்சு... இறங்குதே! அவ்வளவு பெரிய படகு, ஒரு சத்தம் இல்லாம கீழ போகுது!

வெர்லின்: கைய ஆட்டுங்க. படகு மேல நிக்கிறவன் பதிலுக்கு ஆட்டுவான்.

கரிஸா: ஆட்டறான்! சின்னப் புள்ளை மாதிரி ஆயிட்டேன் நான்.

வெர்லின்: பசிக்குதா? இங்க பன்றிக்கறிய அடிச்சுத் தட்டி, பொரிச்சு, ரொட்டிக்கு நடுவுல வெச்சுத் தருவாங்க. ரொட்டி இத்தினியூண்டு இருக்கும். கறி தட்டத் தாண்டித் தொங்கும்.

கரிஸா: அப்புறம் சாப்பிடலாம். கிடங்குக்கு வண்டிய விடுங்க.

வெர்லின்: டாக்டரம்மா...

கரிஸா: விடலேன்னா நான் நடந்தே போயிடுவேன்.

வெர்லின்: ...ஏறுங்க.

கரிஸா: ரோட்டு வேலை எங்க? காணோமே!

வெர்லின்: சாப்பிடப் போயிருப்பாங்க.

கரிஸா: இதுதான் அந்தச் சுவர். ஆத்தப் பார்த்த சுவர்... ஆனா இது ஏன் இப்படி வெள்ளையா இருக்கு? கோடு எங்க?

வெர்லின்: என்ன கோடு?

கரிஸா: தொண்ணூத்து மூணுல வந்த வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறிச்சுன்னு போட்ட கோடு. அதுக்குக் கீழ, மணல் மூட்டை அடுக்கினவங்க எல்லாரும் அவங்கவங்க பேர எழுதியிருப்பாங்க.

வெர்லின்: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கரிஸா: எங்க அப்பா கென்டக்கிலேருந்து ஒரு லாரி கோணிப்பை கொண்டு வந்தார். இறக்கிட்டுத் திரும்ப வேண்டியவர், பத்தொன்பது நாள் இங்கயே நின்னு மூட்டை கட்டினார். அந்தச் சுவத்துல தன் பேர் இருக்குன்னு சாகற வரைக்கும் சொன்னார். ஏப்ரல்ல போயிட்டார். அந்தப் பேர ஒரு தடவை பார்க்கணும், வெர்லின். யார் இத அழிச்சது?

வெர்லின்: நான்தான்.

கரிஸா: நீங்களா!

வெர்லின்: மேயர் சொன்னார். வெள்ளம் எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு பார்த்தா டாக்டர் பயந்து ஓடிடுவாங்க, நீங்க வர்றதுக்குள்ள பெயிண்ட் அடிச்சிடுன்னார். ஊரே தலையாட்டிச்சு. நானும்தான் ஆட்டினேன்.

கரிஸா: எங்க அப்பா பேரு மேல பெயிண்ட் அடிச்சிட்டு, என்னக் கூழைக்கடா பார்க்கக் கூட்டிட்டுப் போனீங்க.

வெர்லின்: வண்டிப் பின்னால வாளி இருக்கு. எடுங்க.

கரிஸா: எதுக்கு?

வெர்லின்: ஆத்துல மொண்டு வந்து சுவத்துல வீசுங்க. பெயிண்ட்டுன்னு மேயர்தான் நெனச்சிட்டிருக்கார். பேஸ்பால் மைதானத்துல கோடு போடுவாங்களே, அந்தச் சுண்ணாம்புப் பொடியக் கரைச்சு அடிச்சேன். ஒரு மழைக்குத் தாங்காது. இந்தப் பாழாப்போன வானம் ஒம்பது நாளா பெய்யல.

கரிஸா: கரையுது... கரையுது வெர்லின்! கடவுளே, எத்தனை பேர்!

வெர்லின்: இன்னும் மேல வீசுங்க. கோடு மேல இருக்கு.

கரிஸா: அவ்வளவு உயரமா? அப்ப நாம நிக்கிற இடம்...

வெர்லின்: நீங்க, நான், வண்டி, எல்லாம் ஆத்துக்கு அடியிலதான் நிக்கிறோம்.

கரிஸா: ...இந்த மூலையில! லானி ப்ரேட்டர். கோணல் மாணலா, எங்க அப்பா எழுத்தேதான். அவர உங்களுக்குத் தெரியுமா? பார்த்திருக்கீங்களா?

வெர்லின்: தெரியும்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. நாலாயிரம் பேர் வந்தாங்க டாக்டரம்மா, எல்லார் முகமும் சேறா இருந்துச்சு. இதுல பொய் சொல்ல எனக்கு வாய் வரல.

கரிஸா: அப்ப நானும் உண்மையச் சொல்லிடறேன். யோசிக்கணும்னு சொன்னது பொய். நேத்தே மேயர்கிட்ட வேலைக்கு வர்றேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

வெர்லின்: தெரியும். நேத்து ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிட்டார்.

கரிஸா: தெரிஞ்சுமா காலையிலேருந்து இந்தப் பாடு பட்டீங்க?

வெர்லின்: உங்களுக்கு முன்னால வந்த மூணு டாக்டரும் கையெழுத்துப் போட்டுட்டு, இந்தக் கோட்டப் பார்த்ததும் ஓடினவங்கதான், டாக்டரம்மா.