காது நிமிர்ந்த ஜிம்மி

முயலைப் படம் புடிக்கறது நீங்க நெனைக்கற மாதிரி லேசு இல்லீங்க மச்சான். கல்யாண ஊட்டுல மாப்பிள்ளையும் பொண்ணும் சொன்னபடி நிப்பாங்க. முயல் நிக்காது. வெள்ளகோயில்ல இருந்து இத்தனை தூரம் வந்து கேக்கறீங்க, மறைக்காம சொல்லிப்போடறேன்.

ஹாஸ்டல்ல படிக்கற எம்பொண்ணு லோகப்பிரியா, ஜிம்மியை நல்லதா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பான்னு கேட்டுச்சுங்க. ரெண்டு ரோல் தீத்துப்போட்டேன். கழுவிப் பார்த்தா, தரையில பஞ்சு கொட்டுன மாதிரி இருக்குது. ஸ்டுடியோக்காரர்தான் சொன்னாரு: பிளாஷ் போடாதீங்க, காலை வெயிலுக்கு வாசல்ல உடுங்க, நீங்களும் குப்புறப் படுத்து அது கண்ணு மட்டத்துக்கு வாங்க. எல்லாஞ் செஞ்சேன். காது மட்டும் நிமிரவே இல்லை.

அப்பறம் ஒரு நாள் உங்க தங்கச்சி தெய்வாத்தா சாரைப்பாம்பைப் பார்த்து அலறுனா. ஜிம்மி பின்னங்கால்ல எந்திரிச்சு, ரெண்டு காதையும் தூக்கி, சிலையாட்டம் நின்னுச்சுங்க. எங்கையில கேமரா இல்லை. பொறகு நானே அலறிப் பார்த்தேன். அது பாட்டுக்கு முள்ளங்கித் தழையைத் தின்னுட்டு இருந்துச்சு. நெசமா அலறுனாத்தான் நிக்குமாட்ட இருக்குது.

அதனால போன ஞாயித்துக்கெழமை, வெயில் பதமா உழுந்த நேரம் பார்த்து, படுத்துட்டே சொன்னேன்:

“தெய்வாத்தா, வெள்ளகோயில்ல இருந்து போன் வந்துச்சு. உங்கண்ணன் போயிட்டாராமா.”

உங்க தம்பி பேரையும் யோசிச்சேன். அவருக்கு அவ்வளவு அழுக மாட்டா. நீங்க சந்தோசப்படோணும்.

உடனே உண்மையைச் சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா ரோல்ல பிலிம் மிச்சம் இருந்துச்சு, அவளும் நிறுத்தலை. முடிச்சுப்போட்டு எந்திரிக்கறதுக்குள்ள பக்கத்து ஊட்டுக்காரங்க அவளைக் கார்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. பின்னாலயே வந்திருப்பேன், ஞாயித்துக்கெழமை ஸ்டுடியோவை மத்தியானமே சாத்திருவாங்க. நீங்க பாதி மூஞ்சி சோப்பு நுரையோட வாசலுக்கு வந்து, மாலை கொண்டாந்தவங்ககிட்ட யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்களாமா. எனக்கே சங்கடமாப் போச்சுங்க.

படத்தைப் பாருங்க, எத்தனை லட்சணமா நிக்குது. இடது காது நுனி மட்டும் கொஞ்சம் மசங்கிருச்சு.

இனிமே நான் என்ன சொன்னாலும் தெய்வாத்தா நம்பறதில்லை. நீங்க சொன்னா நம்புவா. வர்ற ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு ஒரு போன் பண்ணி, நான் போயிட்டேன்னு சொல்லிப்போடுங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னால கேமராவோட படுத்திருப்பேன். கட்டுன புருசன் இல்லீங்களா, உங்களுக்கு அழுததை உட ஒரு படி மேலயே அழுவா.