இல்லாத காலும் இறுகிய கிளச்சும்

கோயிலில் நின்று பிறர் கதையைக் கேட்டது பிழை என்று நினைத்து, இதை எழுத நாலைந்து வருடம் தயங்கினேன். முருகன் பொறுத்துக்கொள்வான்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அர்ச்சனைச் சிட்டை வாங்கும் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்:

“இல்லாத காலால என்ர மனுசன் இன்னும் கிளச் மிதிக்கிறாரடி.”

“என்னக்கா கதைக்கிறீங்க?”

“சீனி வருத்தம் முத்தி இடக்காலை வெட்டி எடுத்த பிறகு கார் நான்தானே ஓடுறன். அந்தக் கிளச் சரியான இறுக்கம். முழுக்க மேல வந்தாத்தான் பிடிக்கும். கொட்டாஞ்சேனை ஏத்தத்தில கார் மூண்டு தரம் நிண்டுபோச்சு. பின்னால திரீவீல்காரன் ஹோர்ன் அடிச்சே கொல்லுறான்.”

“மனுசன் நல்லா ஏசியிருப்பாரே?”

“வாயே திறக்கேல்லை. பக்கத்து சீட்டில இருந்து, மிச்சத் தொடையை அமத்தி மெல்ல மெல்ல மேல எடுத்தார். நானும் அதோட சேர்ந்து கிளச்சை விட்டன். கார் ஏறீட்டுது. இப்பவும் ஏத்தத்தில அவற்ற தொடையைப் பார்த்துத்தான் விடுறனான்.”

“ரோட்டையும் பாருங்கோ தாயே! வித்துப்போட்டு ஓட்டோ கியர் கார் ஒண்டு எடுங்கோவன். அதில கிளச்சே இல்லை.”

“மகனும் அதைத்தான் சொல்லுறான். கிளச் இல்லாட்டி அவருக்குக் காரில என்னடி வேலை?”

வரிசை நகர்ந்தது. சிட்டை எழுதுபவர் பெயர் கேட்டார். மூத்தவர் கணவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் இப்படியே சொல்லுங்கள். அற்புதம் என்று கூட்ட வேண்டாம். கால் முளைக்கவில்லை, கார் ஏறியது, அவ்வளவுதான்.