வெள்ளைக் குட்டி

நாய் வாங்க வருகிறவர்களைப் போன்ற ஏமாளிகளை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது. பல்லைப் பார்க்க மாட்டார்கள், காலைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள், தாயைக் காட்டு என்று கேட்கக்கூட மாட்டார்கள். நிறத்தைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிடுவார்கள். சாம்பலும் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கலைந்த மேனி, போதாததற்கு ஒரு கண் நீலம். அதை மெர்ல் என்போம். மெர்ல் குட்டி ஒன்றைக் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டால் போதும், வாய் கிழியப் பேரம் பேசுகிறவனும் அடங்கிவிடுவான்.

நடந்ததையெல்லாம் என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். தொழிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொழில் புரியாவிட்டால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நீங்கள் பார்ப்பதற்கு விவரமான அதிகாரிதான். ஆனால் வீட்டில் கடையில் வாங்கிய பொமரேனியன் இருப்பதாகச் சொன்னீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அந்த நிறம் உண்மையில் ஒரு பிழை. உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பு ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் எழுத்தெழுத்தாக இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதைப் படியெடுத்து வருகையில், எப்போதோ ஓரிடத்தில் வேண்டாத துண்டு ஒன்று நுழைந்துவிட்டது. நிறம் கலைந்தது அதனால்தான். தாய், தந்தை இரண்டில் ஒன்றிடமிருந்து மட்டும் அந்தப் பிழை வந்தால் மெர்ல், கொள்ளை அழகு. இரண்டிடமிருந்தும் வந்தால் குட்டி ஏறக்குறைய வெள்ளையாகப் பிறக்கும். நிறம் தருகிற அணுக்களுக்குக் காதுக்குள்ளும் வேலை இருக்கிறது. அவை போய்ச் சேராத காது கேட்காது. பல குட்டிகளுக்குக் கண்ணும் சரியாக இருக்காது.

அதனால் மெர்லோடு மெர்லைச் சேர்க்கக் கூடாது என்பார்கள். நான் சேர்ப்பேன். அப்போதுதான் மெர்ல் குட்டிகள் அதிகம் விழும் என்பது என் கணக்கு. நாலுக்கு ஒன்று வெள்ளையும் விழும், மறுக்கவில்லை. அதற்குத்தான் குட்டி போடுகிற அறையில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். கண் திறப்பதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர்தான் ஊற்றுவேன். பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அந்தக் கொடுமையெல்லாம் எனக்கு ஆகாது.

இனி என் மகளைப் பற்றி. அவள் பிறந்தபோது ஒரு கண் நீலமாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் அழகு, அழகு என்று கொஞ்சினார்கள். நான் அவள் தலைக்குப் பின்னால் போய்க் கைதட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. டாக்டர்கள் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆயிற்று, எனக்கு ஒரு கைதட்டல் போதுமாக இருந்தது. இது உன் பக்கத்துச் சரக்கு, எங்கள் பக்கத்தில் இப்படி யாரும் கிடையாது என்று மனைவியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மகளுக்காகச் சைகை மொழி படித்தாள், மகளுக்கு உதடு பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தாள், ஒருநாள் போய்ச் சேர்ந்தாள். பழியை மறுக்காததிலிருந்தே உண்மை எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா?

மகளை நான் நன்றாகவே வளர்த்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் ஒரு தடவை வெள்ளைக் குட்டி ஒன்றை எனக்குத் தெரியாமல் எடுத்துத் துணி அலமாரிக்குள் வைத்து வளர்த்தாள். கையைக் காட்டினால் உட்காரவும் எழுந்திருக்கவும் அதைப் பழக்கியும் விட்டாள். நானும் கொஞ்ச நாள் கண்டுகொள்ளாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அலமாரி காலியாக இருந்தது. "வேற வீட்டுக்குப் போயிடுச்சும்மா" என்றேன். அந்த வீடு எங்கே என்று என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

வளர்ந்ததும் என் நாய்க் கொட்டகையிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டேன். நாய்களைக் குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது, நகம் நறுக்குவது எல்லாம் அவள்தான். எவ்வளவு முரட்டு நாயும் அவள் கைக்கு அடங்கிவிடும். அப்படியிருக்கையில் ஒருவனைக் காட்டி, இவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சைகையில் சொன்னாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். நல்ல பையன்தான், குடி, சிகரெட் எதுவும் இல்லை. அவனுக்கும் காது கேட்காது.

அவனுடைய அம்மா பேச வந்தார். நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"பொறக்கும்போது நல்லாத்தாங்க இருந்தான். கூப்பிட்டா ஓடி வருவான். மூணு வயசுல மூளைக்காய்ச்சல் வந்துச்சு, அதுல போனதுதாங்க காது. பரம்பரையா யாருக்கும் இல்லை."

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஊனக் குட்டியை விற்க வருகிற ஒவ்வொருவனும் இதையேதான் சொல்வான். பிறக்கும்போது நன்றாக இருந்தது, படியில் விழுந்துவிட்டது, ஜுரம் வந்தது. நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் கடையிலேயே என்னிடம் வந்து இந்தச் சரக்கை விற்கப் பார்த்த அந்த அம்மாளின் துணிச்சலை மட்டும் மெச்சினேன்.

கல்யாணத்தை நான் தடுக்கவில்லை. தடுக்க நான் என்ன காட்டுமிராண்டியா? முன்னால் நின்று நடத்தி வைத்தேன், கொட்டகைக்குப் பக்கத்து வீட்டையே அவர்களுக்குக் கொடுத்தேன். சேர்ந்து வாழட்டும், சந்தோஷமாக இருக்கட்டும். குட்டி மட்டும் வேண்டாம். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் என்ன பிறக்கும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? நாய்க்கென்றால் வாளி இருக்கிறது. மனிதர்களுக்கு அந்த வசதி கிடையாது.

பெட்டை நாய்க்குச் சினை பிடிக்காமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. காலையில் கொட்டகையில் எல்லோருக்கும் டீ போடுவது நான்தான். மகளுடைய டம்ளரில் மட்டும் அதை நுணுக்கிக் கலந்துவிடுவேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும், கரண்டியால் நசுக்குகிற சத்தம் அவளுக்குக் கேட்காது. கசப்புத் தெரியாமலிருக்க ஏலக்காயும் கூடுதல் சர்க்கரையும் போடுவேன். தினமும் மகளுக்கு டீ போட்டுக் கொடுக்கிற அப்பா என்று வாடிக்கையாளர்கள் என்னைத் தூக்கி வைத்துப் பேசுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

வருடங்கள் போயின. அவர்கள் டாக்டர் டாக்டராக அலைந்தார்கள். எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. மாதா மாதம் கண் வீங்கி வந்து நிற்பாள். நான் தலையைத் தடவி, "எல்லாம் நல்லதுக்குத்தாம்மா" என்பேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுவாள். எனக்கும் கண் கலங்கியது, அதை எழுதாமல் விட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது. உலகத்தில் எத்தனை அப்பன்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்ததோடு கை கழுவிவிடுகிறார்கள். நான் ஒருநாளும் விடவில்லை.

பிறகு குட்டிகளை எடுக்கும்போது ஒரு பெட்டை என் கையைக் கிழித்துவிட்டது. புண் சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தேன். கொட்டகையில் அவளே டீ போட்டுக் குடித்திருக்கிறாள். நான் வீடு திரும்பிக் கொஞ்ச நாளில், ஸ்கேன் எடுத்த படத்தைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். படத்தில் பயறு அளவுக்கு ஏதோ இருந்தது. சிரிப்பும் அழுகையுமாக என் காலில் விழுந்தாள். மாப்பிள்ளை பின்னால் நின்று கைகூப்பினான்.

நான் அவசரப்படவில்லை. நன்றாக யோசித்தேன். தெரியாத கடுவன் நாயோடு சேர்ந்துவிட்ட பெட்டைக்குக் கருவைக் கலைப்பதற்கென்று வேறு மருந்து இருக்கிறது. நாயின் எடைக்கும் அவள் எடைக்கும் கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தேன், கண்மூடித்தனமாக அல்ல. இரண்டாவது நாள் நாய் குளிப்பாட்டுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காரை எடுத்தது நான்தான். வழி முழுக்க அவள் கையை விடவில்லை. ரத்தம் நிறையப் போய்விட்டது, கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அது என் கணக்கில் இல்லாதது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், இனிமேல் மாத்திரைக்கே வேலை இல்லை.

கலைந்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மரபணு டாக்டர் என்று ஓர் இளம் பெண், என் மகளைவிடச் சின்னவள், எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஐயா, தலைக்கு மை போடுவீங்களா?"

"போடுவேன். அதுக்கென்ன?"

"எந்த வயசுல இருந்து?"

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே என்றேன். நெற்றிக்கு மேலே ஒரு கொத்து மட்டும் வெள்ளையாக இருக்கும், பையன்கள் கேலி செய்வார்கள், எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் என்றேன். அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

"உங்க பொண்ணுக்கு வந்தது உங்க வழியாத்தாங்க ஐயா. ஒரே மரபணு மாற்றம்தான். ஒருத்தருக்கு முடியோட நின்னுடும், இன்னொருத்தருக்குக் கண்ணு, காது வரைக்கும் போகும். மாப்பிள்ளைக்கு இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அவருக்கு மூளைக்காய்ச்சலாலதான் போயிருக்கு. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் பார்த்துட்டேன்."

பிறகு மகளுக்கு உதடு தெரிகிற மாதிரி திரும்பிச் சொன்னாள். "குழந்தைக்கு அந்த மாற்றம் போகலைம்மா. காது கேட்டிருக்கும்."

இயந்திரம் சொல்வதையெல்லாம் நம்புகிறவர்களோடு என்ன பேசுவது? எலியையும் ஈயையும் பார்த்துப் படித்துவிட்டு வருகிறார்கள். ஓர் ஈற்றுக் குட்டிகளையாவது கையில் ஏந்தியிருப்பார்களா? அப்போதுதான் மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தான். மாத்திரை அட்டை. நாயின் முகம் அச்சடித்தது. கொட்டகையில் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கிடந்ததாம். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியும் வில்லையுமாக உட்கார்ந்திருக்கிறவன், எது கண்ணில் படாமல் போகும்? டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தாள், பிறகு என் மகளின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. உங்கள் ஆட்களுக்குப் போன் பண்ணியது அவள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆக, மாத்திரை கொடுத்தது நான்தான். கலைக்கிற மருந்தைக் கொடுத்ததும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை, யாரும் தூண்டிவிடவும் இல்லை. வருந்துகிறீர்களா என்று கேட்டீர்கள். அந்தப் பெண் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்வோம். என் ரத்தத்தில் பிழை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? நான் நன்றாகத்தானே வந்தேன். எந்த விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. என்னைப் பெற்றவர்கள் என்னை வாளிக்கு அருகில் கொண்டுபோகாததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், அதையும் எழுதிவிடுகிறேன். அந்த அறையில் மகள் எழுந்து நின்று கத்தினாளாம். பிறந்ததிலிருந்து வாய் திறந்து பேசாதவள், "அப்ப நான்? அப்ப நான்?" என்று என் முகத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாளாம். தாழ்வாரத்தில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்களாம், நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம். சாட்சிகள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்கிறீர்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன், அவள் கைகள் என் கன்னத்தில்தான் இருந்தன, உதடு அசைந்ததும் தெரிந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் காதில் ஒரு குறையும் கிடையாது, வேண்டுமானால் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.