கிருமியே இல்லாத இரண்டு நோய்

பிள்ளைகளே, அண்ணனூரில் மின்சார ரயில் நின்றபோது, எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தன் கணவரிடம் இப்படிச் சொன்னார்:

"ரெண்டு வியாதி கீதாம். ஆனா ஒரு கிருமி கூட இல்லியாம். இது இன்னாய்யா கணக்கு?"

"உள்ள கிருமி பூந்துட்ச்சுன்னு நென்ச்சிகினு ஒடம்பு தானாவே கொதிக்குதாம். அதான் உனுக்கு அடிக்கடி காச்சல்."

"அப்போ வாய்ப்புண்ணு?"

"அது இன்னொரு வியாதி. அதுவும் அதே மாதிரி தானா வர்றதுதான்."

"ஒண்ணு பத்தாதுன்னு ஜோடி வேற!"

கணவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "இன்னிக்குதான் டாக்டரு உனுக்கு மருந்த முடிவு பண்ணப் போறாரு. மூட்டு வீங்குறத அவராண்ட சொன்னியா?"

"அவரு காச்சல் டாக்டரு. மூட்ட எலும்பு டாக்டராண்ட சொன்னேன். கண்ணு செவந்தத கண்ணு டாக்டராண்ட. ஒருத்தர் வேலைய இன்னொருத்தராண்ட சொன்னா கோச்சிக்க மாட்டாங்களா?"

கணவர் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்போ பாதிய கேட்டுட்டுதான் ரெண்டுன்னு சொல்லிகிறாரா?"

"முழுசும் சொன்னா அது ஒண்ணாவுமா, மூணாவுமா?"

"எனுக்கு இன்னா தெரியும்? இன்னிக்கு எல்லாத்தியும் அவராண்டயே சொல்லிடு."

இறங்கும் இடம் வந்தது. அந்த அம்மா மறக்காமல் இருக்க விரல்களை மடக்கிக்கொண்டே எழுந்தார்.

"காச்சல், வாய்ப்புண்ணு, கண்ணு, மூட்டு..."

நான்காவது விரல் வீங்கியிருந்தது. அது மடங்கவில்லை.

"அத மடக்காத," என்றார் கணவர். "டாக்டராண்ட அப்டியே நீட்டிக் காட்டு."